ஆறு வாரத்தையும் முடித்தவர்கள்: குயின்ஸ்லாந்தில் நடந்த வீட்டுவழி இதய மறுவாழ்வு பற்றிய நிகழ்வு ஆய்வு

மாரடைப்பு வந்தவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஸ்டென்ட் வைத்து, மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் சிகிச்சை முடிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதற்குப் பிறகு வரவேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது. மேற்பார்வையோடு உடற்பயிற்சி, புகைப்பழக்கத்தை விடுவதற்கும் உணவை மாற்றுவதற்கும் உதவி, எந்த மாத்திரை எதற்காக என்ற தெளிவு, பயத்தையும் மனச்சோர்வையும் பேசித் தீர்க்க ஓர் ஆள் எல்லாம் அடங்கிய கட்டம் அது. இதய மறுவாழ்வு என்று மருத்துவர்கள் சொல்வது இந்தத் தொகுப்பைத்தான்.

இதன் பலனைப் பற்றி மருத்துவ உலகில் பெரிய சர்ச்சை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2021-ஆம் ஆண்டு மதிப்பாய்வு 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் இருந்தவர்கள் 23,000 பேருக்கும் மேல். உடற்பயிற்சியை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வில் சேர்ந்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு வருவதும், மருத்துவமனையில் சேர நேர்வதும் குறைந்தன. இதயநோயால் இறப்பதும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இந்த அளவு பலன் தரும் ஒரு மாத்திரை இருந்தால் அதை எழுதிக் கொடுக்காத மருத்துவரை நாம் சும்மா விடமாட்டோம். ஆனால் அமெரிக்காவில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின்கீழ் இதற்குத் தகுதி பெற்றவர்களில்கூட ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் ஒரு முறையாவது போகிறார். காப்பீடு பணம் கட்டத் தயாராக இருந்தும் நிலைமை இதுதான்.

அதனால் இந்தத் துறையில் கேட்க வேண்டிய கேள்வி, மறுவாழ்வு பலிக்குமா என்பதல்ல. நோயாளி வருவாரா, வந்தவர் கடைசிவரை இருப்பாரா என்பதுதான். அந்தக் கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், அதன் தலைநகர் பிரிஸ்பேனில் நடந்து, 2014-இல் 'ஹார்ட்' என்ற மருத்துவ இதழில் வெளியானது. சிறிய ஆய்வுதான். ஆனால் வீட்டுவழி டிஜிட்டல் மறுவாழ்வைப் பற்றிப் பேசுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது என்பது என் கருத்து.

படுக்கையை விட்டு எழுந்த கதை

அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தி வைத்தார்கள். திரும்பிப் படுப்பதற்கும் செவிலியர் உதவ வேண்டும். சேதமடைந்த இதயத் தசை ஆறும்வரை அசைவே ஆபத்து என்று நம்பினார்கள். கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறிச் சிலர் இறந்தபோதும் இந்த வழக்கம் மாறவில்லை. 1952-இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்ததை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். நாற்காலியில் உட்காருவதே அன்று துணிச்சலான சிகிச்சை. அங்கிருந்து நடைக்கும், நடையிலிருந்து மருத்துவமனைப் பயிற்சிக்கூடத்துக்கும் போய்ச் சேரப் பல ஆண்டுகள் ஆயின.

நம் வீடுகளில் அந்தப் பழைய பயம் இன்னும் உயிரோடிருக்கிறது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவரை மாடிப்படி ஏறவிட மாட்டார்கள். தண்ணீர்க் குடத்தைத் தொடவிட மாட்டார்கள். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு உடலில் தெம்பு குறைகிறது. நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சுவாங்கலை இதயம் மோசமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாக உட்காருகிறார். இந்தச் சுழலை உடைப்பதுதான் மறுவாழ்வின் முதல் வேலை.

பிரிஸ்பேனில் செய்தது என்ன

ஆய்வை நடத்தியது ஆஸ்திரேலிய மின்-சுகாதார ஆராய்ச்சி மையம். அந்நாட்டு அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவும் குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் மார்லியன் வார்ன்ஃபீல்ட்.

மாரடைப்பு வந்து மீண்ட 120 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாக, குழுவுக்கு 60 பேர் வீதம் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கம்போல் சமுதாய சுகாதார மையத்துக்கு வந்து, மேற்பார்வையில் பயிற்சி செய்து, கல்வி வகுப்பிலும் உட்கார வேண்டும். மற்றக் குழு வீட்டிலிருந்தே கைப்பேசி வழியாக அதே பாடத்தைப் பெறும். இரண்டுக்கும் காலம் ஆறு வாரம். அதன்பின் ஆறு மாதம்வரை தாங்களாகவே தொடர வேண்டும்.

வீட்டுக் குழுவில் இருந்தவரின் ஒரு நாளைக் கற்பனை செய்து பார்க்கலாம். காலையில் எடை பார்க்கிறார், ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கையில் சுற்றி அளவு எடுக்கிறார். இரண்டையும் கைப்பேசியில் உள்ள உடல்நல நாட்குறிப்பில் பதிகிறார். பிறகு அதே கைப்பேசியை உடம்போடு வைத்துக்கொண்டு நடக்கப் போகிறார். அதற்குள் இருக்கும் அசைவுமானி ஒவ்வோர் அடியையும் எண்ணுகிறது. என்ன சாப்பிட்டார், எவ்வளவு நேரம் நடந்தார் என்பதும் நாட்குறிப்பில் ஏறுகிறது. இடையில் ஊக்கமூட்டும் குறுஞ்செய்தி ஒன்று வருகிறது. நோயைப் பற்றிய ஒலிப்பதிவும் காணொலியும் கைப்பேசியிலேயே ஏற்றித் தரப்பட்டிருக்கின்றன. பதிந்தவை எல்லாம் ஓர் இணையதளத்துக்குப் போய்ச் சேருகின்றன.

இதுவரை சொன்னதை இன்றைக்கு எந்தக் கைக்கடிகாரமும் செய்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. வாரத்துக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் அந்த நோயாளியைத் தொலைபேசியில் அழைக்கிறார். அவருக்கு முன்னால் அந்த வாரத்தின் பதிவுகள் திறந்திருக்கின்றன. "எப்படி இருக்கிறீர்கள்" என்ற பொதுக் கேள்வியோடு அவர் நிறுத்த வேண்டியதில்லை. செவ்வாயும் புதனும் நடை குறைந்திருக்கிறதே, காலில் வலியா, மனசு சரியில்லையா என்று கேட்கலாம். ரத்த அழுத்தம் மூன்று நாளாக ஏறியிருக்கிறதே, மாத்திரை விட்டுப்போயிற்றா என்று விசாரிக்கலாம். அடுத்த வாரத்துக்கு எத்தனை அடி என்ற இலக்கை இருவரும் பேசி முடிவு செய்கிறார்கள். அறிக்கையை எழுதித் தருவது கைப்பேசி. அதைப் படித்து அக்கறையோடு பேசுவது ஓர் ஆள்.

எண்கள் சொன்னதும் சொல்லாததும்

திட்டத்தில் உண்மையில் சேர்ந்தவர்கள் வீட்டுக் குழுவில் 80 சதவீதம், மையக் குழுவில் 62 சதவீதம். சேர்ந்தபின் ஒழுங்காகப் பின்பற்றியவர்கள் 94 சதவீதம், 68 சதவீதம். ஆறு வாரத்தையும் முடித்தவர்கள் 80 சதவீதம், 47 சதவீதம். கடைசி இணை எண்களுக்காகவே இந்த ஆய்வை எடுத்துக்கொண்டேன். மையத்துக்கு வரச்சொன்ன குழுவில் பாதிப் பேர்கூட முடிக்கவில்லை.

இனி உடல்திறன். ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று உண்டு. சமதளமான ஒரு நீண்ட தாழ்வாரத்தின் இரு முனையிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடிகிறது என்று அளப்பார்கள். ஓடக் கூடாது. வேண்டுமானால் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. மையக் குழுவின் சராசரி 537 மீட்டரிலிருந்து 584 மீட்டருக்கு ஏறியது. வீட்டுக் குழுவின் சராசரி 510 மீட்டரிலிருந்து 570 மீட்டருக்கு ஏறியது. இதயத் தமனி நோய் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 25 மீட்டர் கூடினாலே அவர்களால் வித்தியாசத்தை உணர முடியும் என்பது இத்துறையில் பயன்படும் அளவுகோல். இரு குழுக்களும் அதைத் தாண்டின. ஆறு மாதத்திலும் அந்த முன்னேற்றம் நிலைத்தது.

இதை மேலோட்டமாகப் படிப்பவர், வீட்டில் செய்தாலும் மையத்தில் செய்தாலும் ஒன்றுதான் என்று முடித்துவிடுவார். அப்படி முடிப்பது மையத்தின் தோல்வியை மறைத்துவிடும். முன்னேற்றத்தை அளக்க முடிவது அளவெடுக்கத் திரும்பி வந்தவர்களிடம் மட்டுமே. பயிற்சியின் தரத்தில் மையம் குறைந்ததாக இருக்கவில்லை. ஆனால் பாதி வழியில் நின்றுபோனவருக்கு அந்தத் தரத்தால் என்ன பயன்? வீட்டுத் திட்டத்தின் வெற்றி, ஒரு நோயாளியின் இதயத்தை அதிகம் பலப்படுத்தியதில் இல்லை. அதே பலத்தை அதிகம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் இருக்கிறது.

ஏன் நின்றுபோகிறார்கள்? இக்குழுக்களின் சராசரி வயது 55-ஐ ஒட்டியது. அந்த வயதில் ஆஸ்திரேலியரும் நம்மைப்போல வேலையில்தான் இருக்கிறார். மாரடைப்புக்காக விடுப்பு எடுத்தவர் மறுபடி வேலையில் சேர்ந்ததும், பகல் நேரத்தில் வாரந்தோறும் மையத்துக்குப் போய்வர மேலாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். தூரம், வாகனம், வீட்டில் பராமரிக்க வேண்டிய முதியவர், பலர் முன்னால் உடற்பயிற்சி செய்யக் கூச்சம் எல்லாம் இத்துறையின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள். இவற்றில் எதையும் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக் குழுவில் மனநிலையும் சீரானது. கெஸ்லர் அளவுகோலில் மனத்துயரத்தின் மதிப்பெண் ஆறு வாரத்தில் 14.6-லிருந்து 12.6 ஆக இறங்கியது. அந்த அளவுகோலில் எண் குறைந்தால் நல்லது. 1 என்றால் முழு நலம் என்று கொள்ளும் வாழ்க்கைத்தரக் குறியீடு 0.84-லிருந்து 0.92 ஆனது. எடை சராசரியாக ஒரு கிலோதான் குறைந்தது. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆய்வின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். 120 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. பெரும்பாலோர் ஆண்கள். எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் இது பொருந்தும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. யார் எந்தக் குழுவில் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உயிர் காப்பாற்றப்பட்டதா என்று சொல்ல ஆறு மாதமும் போதாது. இதன் தொடர்ச்சியாகக் கார்டிஹாப் என்ற நிறுவனம் பிறந்து இந்த முறையைச் செயலியாக்கி மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனது. வணிகப் பொருளாக ஆனபின் வரும் பேச்சைவிட, அந்த முதல் ஆய்வின் அடக்கமான எண்களையே நான் அதிகம் நம்புகிறேன்.

நியூசிலாந்தும் போலந்தும்

ஒரே ஓர் ஆய்வை நம்பி முடிவுக்கு வரக் கூடாது என்பதால் இன்னும் இரண்டைப் பார்க்கலாம்.

நியூசிலாந்தில் 162 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே நோயாளி மார்பில் ஓர் உணர்கருவியை அணிந்துகொண்டு தன் தெருவிலோ பூங்காவிலோ நடப்பார். இதயத்துடிப்பும் மூச்சும் அந்த நேரத்திலேயே உடற்பயிற்சி வல்லுநரின் திரையில் தெரியும். அவர் அங்கிருந்தபடியே வேகத்தைக் கூட்டு, குறை என்று வழிகாட்டுவார். உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் உச்ச அளவில் இந்த முறை மையப் பயிற்சிக்குச் சளைத்ததாக இல்லை. ஆறு மாதத்தின் முடிவில் வீட்டுக் குழுவினர் உட்கார்ந்தே இருக்கும் நேரம் குறைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவில் மையக் குழு கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒருவருக்கு ஆன செலவு வீட்டுமுறையில் 1,130 நியூசிலாந்து டாலர், மையத்தில் 3,466. மூன்றில் ஒரு பங்கு.

போலந்து ஆய்வு நம் உற்சாகத்துக்குக் கடிவாளம் போடுகிறது. இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் போதிய அளவு ரத்தத்தை இறைக்க முடியாத நிலை, உள்ள 850 பேரைச் சேர்த்த பெரிய ஆய்வு அது, 2020-இல் வெளியானது. ஒன்பது வாரத் திட்டம். முதல் வாரம் மருத்துவமனையில், மீதி எட்டு வாரம் வீட்டில். வாரம் ஐந்து நாள் கையில் கோல்களை ஊன்றி நடக்கும் நார்டிக் நடை. பயிற்சியைத் தொடங்கும் முன் நோயாளி தன் உடல்நிலை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கையடக்கக் கருவியில் ஈசிஜி எடுத்துக் கைப்பேசி வழியே அனுப்புவார். கண்காணிப்பு மையம் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அன்றைக்கு நடை. இவ்வளவு கவனமாகச் செய்தும், அடுத்து வந்த ஓரிரு ஆண்டுகளில் மருத்துவமனைக்கு வெளியே உயிரோடு கழித்த நாட்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடவில்லை. உடல்திறனும் வாழ்க்கைத்தரமும் மட்டும் முன்னேறின. ஒன்பது வாரப் பயிற்சி இரண்டு ஆண்டுக்குத் தாங்கும் என்று எதிர்பார்த்ததே அதிகமோ என்று எனக்குத் தோன்றுகிறது. பயிற்சி நின்றால் பலனும் கரையத்தான் செய்யும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேனின் 2023 மதிப்பாய்வு, 24 ஆய்வுகளையும் 3,046 பேரையும் வைத்து, வீட்டு மறுவாழ்வுக்கும் மைய மறுவாழ்வுக்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை என்று சொல்கிறது.

துடிப்பை நம்பலாமா

வீட்டுப் பயிற்சியில் அடிக்கடி குழப்பம் வரும் இடம் இதயத்துடிப்பு. 220-லிருந்து வயதைக் கழித்து இலக்கு வைக்கும் கணக்கு பலருக்குத் தெரியும். மாரடைப்பு வந்த பலர் மெட்டோபிரலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்து சாப்பிடுகிறார்கள். அந்த மருந்தின் வேலையே துடிப்பை அடக்குவது. ஆகவே கைக்கடிகாரம் 95 என்று காட்டும்போதே அவர் தேவையான அளவு உழைத்துக்கொண்டிருக்கலாம். இலக்கு எண்ணைத் தொட வேண்டும் என்று அதற்கு மேலும் வேகம் கூட்டுவது ஆபத்து. மருத்துவமனையில் பயிற்சிச் சோதனை செய்து அந்த நோயாளிக்கென்றே கணக்கிட்ட எல்லை இருந்தால் அதைப் பின்பற்றலாம். இல்லையென்றால் போர்க் அளவுகோல் உதவும். 6 முதல் 20 வரையுள்ள அந்த அளவில் உழைப்பு எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று நோயாளியே சொல்வார். தொடக்கத்தில் 11 முதல் 13 வரை போதும். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. ஏறத்தாழ அதுதான் அந்த அளவு.

எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர், கட்டுக்குள் வராத துடிப்புக் கோளாறு உள்ளவர், அண்மையில் நுரையீரலில் நீர் கோத்து மோசமானவர் ஆகியோருக்கு முதலில் மருத்துவரின் கண்முன்னால் சோதனை நடக்க வேண்டும். வீட்டில் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் எது வந்தாலும் நிறுத்த வேண்டும். ஓய்வெடுத்தும் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். எந்தச் செயலியும் இந்த எச்சரிக்கையை நோயாளியின் மொழியில், முதல் நாளே, வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கம்

தமிழ்நாடு மாரடைப்பின் முதல் மணிநேரங்களில் உலகுக்கே காட்டக்கூடிய ஒரு வேலையைச் செய்திருக்கிறது. கோயம்புத்தூரைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் குழுவினர், ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்சால் இணைத்த முறையை 2,420 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். அப்படிப் பெரிய மருத்துவமனைக்கு விரைந்து வந்து பிழைத்தவர், சில நாளில் தன் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார். வாரம் இரண்டு முறை பயிற்சிக்கு அதே தூரத்தைக் கடந்து வாருங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பிரிஸ்பேனில் பாதிப் பேரை நிறுத்திய காரணங்கள் இங்கே இன்னும் கடுமையாக இருக்கின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டுவாசலுக்குக் கொண்டுபோகிறது. பிசியோதெரபி தேவைப்படுபவரின் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட்டும் போகிறார். இந்த அமைப்போடு மாரடைப்பு நோயாளியை இணைப்பது நடக்கக்கூடியது என்றே நான் நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பட்டியலுக்குக் கீழே மறுவாழ்வுக்கென ஒரு பகுதி வேண்டும். எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று அதில் தமிழில் எழுதியிருக்க வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனைக்குத் தேவை ஒரு தாழ்வாரமும் ஒரு கடிகாரமும். எந்த அரசு மருத்துவமனையிலும் இவை உண்டு.

இன்னும் ஒன்று, எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பல வீடுகளில் அது மகனுடையது, மகன் வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். அம்மாவிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. குயின்ஸ்லாந்துத் திட்டத்தில் வாராந்திர உரையாடலுக்குத் தேவைப்பட்டது வெறும் தொலைபேசி இணைப்புதான். நடந்த நேரத்தை நாட்காட்டியில் குறித்து வைத்து, அழைப்பு வரும்போது படித்துச் சொல்லலாம். ரத்த அழுத்தத்தைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் பார்த்துக் கொடுக்கலாம். செலவழிக்கப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், புதிய செயலி எழுதுவதைவிட அந்த வாராந்திர அழைப்பைச் செய்யும் வழிகாட்டிக்குச் சம்பளம் கொடுப்பதையே நான் முதலில் கேட்பேன். அவர் செவிலியராகவோ பிசியோதெரபிஸ்ட்டாகவோ இருக்கலாம். போர்க் அளவுகோலும், பீட்டா தடுப்பு மருந்தின் தன்மையும், எந்த அறிகுறிக்கு மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் அழைப்பு, டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்திலேயே போக வேண்டும்.